காணாமல் போன ஈ டிரைவ்

"என் மனைவியோட குரல் திருட்டுப் போயிடுச்சு," என்றார் பல் டாக்டர்.

மாப்பிள்ளைக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. தண்ணீர் சுத்திகரிக்கும் கருவி விற்ற கம்பெனி இழுத்து மூடப்பட்டபின், மாமியாரின் துப்பறியும் அலுவலகத்தில் உதவியாளராகச் சேர்ந்திருந்தார் அவர். அன்றிலிருந்து வந்ததெல்லாம் மறந்துபோன பாஸ்வேர்ட், யாரோ அனுப்பிய மொட்டை மின்னஞ்சல் என்று உப்புச் சப்பில்லாத வழக்குகள்தான். இதோ ஒன்று உருப்படியாக வந்துவிட்டது என்று நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தார்.

மேஜைக்கு அந்தப் பக்கம் அத்தை அசையவில்லை. தடய அறிவியல் கூடத்தில் கணினிகளைக் குடைந்து குடைந்தே தலை நரைத்தவர் அவர். ஓய்வு பெற்ற கையோடு வீட்டின் முன்னறையில் ஒரு மேஜையைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். அவர் அவசரப்பட்டு ஒரு வார்த்தை பேசி மாப்பிள்ளை கேட்டதில்லை.

"கொஞ்சம் விளக்கமா சொல்லுங்க டாக்டர்."

டாக்டர் சொன்னார். அவர் மனைவி பாடகி. தொண்டையில் ஒரு கட்டி வந்து அறுவை சிகிச்சை நடந்தது. கட்டி போய்விட்டது, பேச்சு திரும்பிவிட்டது, ஆனால் பழைய குரல் திரும்பவில்லை. ஆபரேஷனுக்கு முன்னால், எதற்கும் இருக்கட்டும் என்று, முப்பது சொச்சம் பாட்டுகளை வீட்டிலேயே ஒரு சின்ன அறையில் பாடிப் பதிவு செய்து வைத்திருந்தார். எல்லாம் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஈ டிரைவில் இருந்தன.

"நேத்து சாயந்தரம் பார்க்கிறேன். சி இருக்கு. டி இருக்கு. ஈ-யைக் காணோம்."

"பறந்துடுச்சா?" என்று மாப்பிள்ளையின் வாயிலிருந்து நழுவிவிட்டது. அத்தை திரும்பி ஒரு பார்வை பார்த்தார். மாப்பிள்ளை தண்ணீர் டம்ளரை எடுத்துக் குடித்தார்.

"யார் செஞ்சதுன்னு கண்டுபிடிக்கணும். அப்படித்தானே?" என்றார் அத்தை.

"அது தேவையில்லைம்மா. யாருன்னு தெரியும். என் மச்சினன். அவளோட கூடப்பிறந்த தம்பி. எங்க வீட்டுலதான் இருக்கான், வீடியோ எடிட் பண்ற வேலை. கேட்டதும் ஒத்துக்கிட்டான். இடம் பத்தலைன்னு ஈ-யை அழிச்சு டி-யோட சேர்த்துட்டானாம். வீட்டை விட்டுப் போடான்னுட்டேன். இன்னிக்கு மூட்டை கட்டறான். அழிஞ்சதை மீட்டுத் தர முடியுமா, அதைச் சொல்லுங்க. மாசக் கடைசியில அந்தப் பாட்டெல்லாம் வெளிவரணும். அவ குரல்னு மிச்சம் இருக்கறது அது ஒண்ணுதான்."

மாப்பிள்ளையின் உற்சாகம் சப்பென்று இறங்கியது. குற்றவாளியே கையைத் தூக்கிவிட்டால் துப்பறிய என்ன இருக்கிறது?

அத்தை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்தக் கம்ப்யூட்டர்ல இனிமே யாரும் எதையும் சேமிக்க வேண்டாம். நாங்க உங்க கூடவே வர்றோம். உங்க மச்சினனை நாங்க வர்ற வரைக்கும் இருக்கச் சொல்லுங்க."

"அவன் எதுக்கு?"

"ஒத்துக்கிட்டவங்களைத்தான் முதல்ல விசாரிக்கணும் டாக்டர்."

டாக்டர் வீட்டு வாசலில் ஒரு பெரிய பையும் அதன்மேல் மடித்து வைத்த போர்வையும் இருந்தன. தம்பி என்கிற அந்த இளைஞன் பையின் பக்கத்திலேயே சுவரில் சாய்ந்து நின்றான். ஹாலில் வழுக்கைத் தலையோடு ஒருவர் நாற்காலிக் கையில் விரலால் தாளம் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர்தான் பாட்டுகளுக்கு மெட்டுப் போட்ட இசையமைப்பாளர்.

"கிடைக்குமா?" என்றார் அவர், வணக்கம் சொல்வதற்கு முன்பே. "நான் பின்னணி இசையெல்லாம் சேர்த்து வெச்சுட்டு உக்கார்ந்திருக்கேன். குரல் மட்டும் வந்தாப் போதும்."

"உங்ககிட்ட ஒரு பிரதிகூடவா இல்லை?" என்று கேட்டார் மாப்பிள்ளை, கண்ணைச் சுருக்கி.

"இருந்தா இங்க வந்து கையைப் பிசைஞ்சுட்டு நிப்பேனா?"

பதிவு அறை ஹாலை ஒட்டியே இருந்தது. சுவர் முழுக்கக் கறுப்புப் பஞ்சு, நடுவில் ஒரு மைக், அதன்மேல் துணி மூடியிருந்தது, ஓரத்தில் கம்ப்யூட்டர். அங்கிருந்து ஒரு கம்பி சுவரோரமாக ஓடி ஹாலில் இருந்த பெரிய ஸ்பீக்கரில் முடிந்தது. அத்தை அந்தக் கம்பியைக் கண்ணால் தொடர்ந்தார்.

"நான்தான் இழுத்தேன்," என்றார் டாக்டர் பெருமையாக. "காலையில எழுந்ததும் அவ பாட்டைப் போட்டுட்டுத்தான் மத்த வேலை. வீட்டுக்கு யார் வந்தாலும் முதல்ல உக்கார வெச்சு ரெண்டு பாட்டு கேக்க வைப்பேன். அந்தக் குரலெல்லாம் இனிமே வராதுங்க."

அதே நேரத்தில் டாக்டரின் மனைவி தேநீர்த் தட்டோடு அந்த அறையின் வாசற்படியில் நின்றிருந்தார். தட்டை மேஜையில் வைத்தார்; ஒரு கோப்பையின் கைப்பிடியை அத்தைப் பக்கமாகத் திருப்பினார்; உள்ளே போய்விட்டார்.

அத்தை தம்பியைக் கூப்பிட்டார். "எப்படிச் செஞ்சீங்கன்னு சொல்லுங்க தம்பி."

"அந்த டிஸ்க் எல்லாம் காட்டுமே, அந்த இடத்துக்குப் போனேன். ஈ-யை அழி-ன்னேன். இடம் காலியாச்சு. டி-யோட சேர்த்துட்டேன்."

"நடுவுல கம்ப்யூட்டர் ஏதாவது கேட்டுச்சா?"

"நிச்சயமா அழிக்கட்டுமான்னு கேட்டுச்சு. ஆமான்னேன். அவ்வளவுதான்."

"எந்தக் கணக்குல இருந்து செஞ்சீங்க? உங்க பேர்லயா?"

"என் பேர்லதான். எனக்கு வேற என்ன இருக்கு?"

மாப்பிள்ளை கம்ப்யூட்டரைத் தட்டி எழுப்பினார். தம்பியின் கணக்குதான் திறந்திருந்தது. திரையில் சி, அடுத்து டி. டி-யின் கீழே இருந்த பட்டை கிட்டத்தட்ட முழுக்கச் சிவந்து கிடந்தது. இன்னும் ஒரு கல்யாண வீடியோவை ஏற்றினால் வெடித்துவிடும் போலிருந்தது. மாப்பிள்ளை தன் பையிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்துச் செருகினார். அது உடனே ஈ என்ற எழுத்தோடு எட்டிப் பார்த்தது.

"பார்த்தீங்களா அத்தை! ஈ இடம் காலியாயிருக்கு, அதனாலதான் இது வந்து உக்காருது. சுத்தமா அழிஞ்சு போச்சு!"

"எழுத்து காலியா இருக்கு மாப்பிள்ளை. அதுவரைக்கும் சரி. அதை முதல்ல வெளியே எடுங்க."

பிறகு அத்தை, டிஸ்க்கின் பிரிவுகளை நிர்வகிக்கும் திரையைத் திறக்கச் சொன்னார். மாப்பிள்ளை சொடுக்கினார். திரை இருண்டது; நடுவில் ஒரு பெட்டி வந்து நிர்வாகியின் பாஸ்வேர்டைக் கேட்டது.

"இது யாருக்குத் தெரியும் டாக்டர்?"

"எனக்கெங்க தெரியும்? எனக்குப் பாட்டுப் போட ஒரு பட்டன் வெச்சுக் கொடுத்திருக்கா, அதை அமுக்குவேன். கம்ப்யூட்டர் விவகாரமெல்லாம் அவதான்."

பாடகி வந்து, யார் முகத்தையும் பார்க்காமல் பாஸ்வேர்டை அடித்தார். திரையில் ஒரே வரிசையில் மூன்று பெட்டிகள் தோன்றின. முதல் பெட்டியின் தலையில் சி. இரண்டாவதில் டி. மூன்றாவதற்குப் பெயரும் இல்லை, எழுத்தும் இல்லை. மூன்றுக்கும் மேலே ஒரே மாதிரி நீலக்கோடு ஓடியது. அந்த மூன்றாவதுதான் அழிந்துபோன காலி இடம் என்று மாப்பிள்ளை தனக்குத்தானே தலையாட்டிக்கொண்டார்.

அத்தை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு அந்தத் திரையைத் தானே மூடினார். "அந்த டிரைவுக்குள்ள என்னம்மா?" என்று பாடகியிடம் கேட்டார்.

"முப்பது பாட்டுக்கு மேல இருக்கு." பாடகியின் குரல் தாழ்ந்து, சற்றே கரகரத்து வந்தது. "கடைசிப் பாட்டு மட்டும் பாதியில நிக்குது. ஆபரேஷனுக்கு நாள் குறிச்சுட்டாங்க, முடிக்க முடியலை."

"தம்பி எதுக்கு மூட்டை கட்டறார்னு உங்களுக்குத் தெரியுமா?"

"காலையில வாசல்ல பையைப் பார்த்தேன். கேட்டேன், வேலை விஷயமா வெளியூர்னான்." அவர் கணவரைப் பார்த்தார். "அதுதானே?"

டாக்டர் சுவரைப் பார்த்தார். "உன் மனசு நோகுமேன்னு சொல்லலைம்மா. இவன்தான் அதை அழிச்சவன். ஒத்துக்கிட்டான்."

பாடகி தம்பியைப் பார்த்தார். தம்பி தரையைப் பார்த்தான்.

"எல்லாரும் ஹால்ல கொஞ்சம் உக்காருங்க," என்றார் அத்தை. "தேநீர் ஆறிடும்."

அறையில் இரண்டு பேர் மட்டும் மிஞ்சியதும் மாப்பிள்ளை கதவைச் சாத்தினார். "எனக்குப் புரிஞ்சுடுச்சு அத்தை. அந்த வழுக்கைதான். பாட்டையெல்லாம் நைசா காப்பி எடுத்துக்கிட்டு இங்க அழிச்சுட்டார். நாளைக்குத் தன் பேர்ல வெளியிடுவார். பையனை மிரட்டி ஒத்துக்க வெச்சிருக்கார்."

"காப்பி எடுத்தவர் எதுக்கு மாப்பிள்ளை அழிக்கணும்? எடுத்துட்டு நல்ல பிள்ளையா வீட்டுக்குப் போயிருந்தா யாருக்கும் தெரியாதே. அழிச்சாத்தானே நம்மளைக் கூப்பிடுவாங்க?"

மாப்பிள்ளை யோசித்தார். "அப்போ டாக்டர்?"

"அவருக்கு ஒரு பட்டன்தான் தெரியும்."

"அப்போ பையன்தான். அவனே சொல்றானே."

"சொல்றார். அதுதான் எனக்கு இடிக்குது," என்று சொல்லிவிட்டு அத்தை எழுந்தார். ஹாலுக்குப் போனவர் நேராகப் பாடகியின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, தாழ்ந்த குரலில் கேட்டார்: "நான் சொல்லட்டுமா, நீங்களே சொல்றீங்களா?"

பாடகி வாசலில் இருந்த பையைப் பார்த்தார். பிறகு, "நீங்க ஆரம்பிங்க," என்றார்.

மாப்பிள்ளைக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

"டாக்டர், முதல்ல நல்ல சேதி," என்றார் அத்தை. "ஒரு பாட்டுகூட அழியலை."

டாக்டர் எழுந்தே விட்டார். இசையமைப்பாளரின் தாளம் நின்றது. ஆனால் அத்தை அவர்களைப் பார்க்கவில்லை. தம்பியைப் பார்த்தார். அவன் வாய் பிளந்து நின்றான். எல்லாரையும்விட அவன்தான் அதிகம் அதிர்ந்திருந்தான்.

"உக்காருங்க டாக்டர். கம்ப்யூட்டருக்குள்ள இருக்கறது ஒரே டிஸ்க்தான். பெரிய ஹாலைத் தடுப்பு வெச்சு ரூம் ரூமா பிரிக்கிற மாதிரி, அதை மூணா பிரிச்சிருக்காங்க. ஒவ்வொரு கதவுலயும் அடையாளத்துக்கு ஒரு எழுத்து. சி, டி, ஈ. எழுத்து இருக்கற கதவுதான் நம்ம கண்ணுல படும். ஒரு ரூமை இடிச்சுட்டா அந்த இடம் வெறும் மனையாயிடும். திரையில அதுக்கு மேல கறுப்புக் கோடு போடும். இங்க மூணாவது ரூமுக்கு மேலயும் நீலக் கோடுதான். உள்ள ஆரோக்கியமா இருக்குன்னு கம்ப்யூட்டரே எழுதி வெச்சிருக்கு. சுவர் நிக்குது, சாமான் வெச்சது வெச்சபடி இருக்கு. யாரோ கதவுல இருந்த எழுத்தை மட்டும் கழட்டி எடுத்திருக்காங்க."

காலி இடம் என்று தலையாட்டியது நினைவுக்கு வந்து மாப்பிள்ளை காதைச் சொறிந்துகொண்டார்.

"அப்போ இவன் அழிச்சேன்னானே?" என்றார் டாக்டர்.

"அவர் சொன்னது அத்தனையும் பொய். ஈ-யோட இடத்தை டி-யில சேர்த்திருந்தா, டி-யில இப்ப தாராளமா இடம் இருக்கணும். அது மூச்சு முட்டிக் கிடக்கு. தன் கணக்குல இருந்து செஞ்சேன்னார். அழிக்கட்டுமான்னு மட்டும்தான் கேட்டுச்சுன்னார். அவர் கணக்குல இருந்து நாங்க சும்மா எட்டிப் பார்க்கப் போனதுக்கே பாஸ்வேர்ட் கேட்டுச்சு. அந்தத் திரையை அவர் வாழ்நாள்ல திறந்ததில்லை. சரி, எழுத்தைக் கழட்டினதும் அவர் இல்லை. கழட்டியிருந்தா பாட்டு பத்திரமா இருக்குன்னு தெரிஞ்சிருக்கும். இப்ப இப்படித் திகைச்சு நிக்க மாட்டார். அழிஞ்சே போச்சுன்னு உண்மையா நம்பியிருக்கார். நடக்காத ஒரு குத்தத்தைத் தன் தலையில இழுத்துப் போட்டுக்கிட்டு வீட்டை விட்டுக் கிளம்பறார்னா, யாரோ ஒருத்தரைக் காப்பாத்தறதாத்தானே அர்த்தம்? இந்த வீட்டுல அவர் யாருக்காக அப்படிச் செய்வார்?"

டாக்டரின் பார்வை மெல்ல மனைவியிடம் போய் நின்றது.

"பாஸ்வேர்ட் தெரிஞ்சவங்க ஒருத்தர்தான்," என்றார் அத்தை மென்மையாக. "அது மட்டும் இல்லை. என்கிட்ட வந்தப்ப டாக்டர், ஈ-யில பாட்டெல்லாம் இருந்துச்சுன்னார். உள்ள என்னன்னு நான் கேட்டப்ப, இவங்க ஒருத்தங்க மட்டும் இருக்குன்னாங்க. அழிஞ்சுபோன பொருளை யாரும் இருக்குன்னு சொல்ல மாட்டாங்க."

"நீயா?" என்றார் டாக்டர். "அது உன் குரல்ம்மா!"

"இது யாரோட குரல்?" என்றார் பாடகி.

டாக்டருக்கு உடனே புரியவில்லை.

"இப்ப பேசறேனே, இது யாரோட குரல்? காலையில நான் அடுப்படியில நிக்கறேன். ஹால்ல நான் பாடிட்டிருக்கேன். வீட்டுக்கு வர்றவங்க எல்லாம் ஸ்பீக்கரைப் பார்த்துக் கண்ணை மூடிக் கேக்கறாங்க. நான் போய் வாங்கன்னு சொன்னா, ஐயோ பாவம்னு என்னைப் பார்க்கறாங்க. இனிமே வராது, இனிமே வராதுன்னு நீங்க என் எதிர்லயே சொல்றீங்க. செத்துப்போனவ படத்துக்கு முன்னாடி நிக்கற மாதிரி நிக்கறீங்க. நான் உயிரோட இருக்கேன். தொண்டையும் இருக்கு. ஆபரேஷன் செஞ்ச டாக்டரே பாடலாம்னு சொல்லியாச்சு. ஒரு தடவையாவது பாடுன்னு கேட்டீங்களா?"

டாக்டர் வாயைத் திறந்து மூடினார். தினம் எத்தனையோ பேரை வாயைத் திறக்கச் சொல்லும் மனிதர், தன் வாயில் ஒரு சொல்லும் கிடைக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"அழிச்சுடலாம்னுதான் உக்கார்ந்தேன். கை வரலை. சரி, கொஞ்ச நாள் யார் கண்ணுலயும் படாம இருக்கட்டும்னு எழுத்தை எடுத்தேன். இவன் பழியை வாங்கிக்குவான்னு சத்தியமா நினைக்கலை." அவர் தம்பியின் பக்கம் திரும்பினார். "உனக்கு என்னடா வந்துச்சு?"

"நான் ரூமுக்குள்ள வந்தப்ப நீ அழுதுட்டிருந்தேக்கா," என்றான் தம்பி. "திரையில ஈ இல்லை. நீ அழிச்சுட்டேன்னு நினைச்சேன். நீ வெளியே போயிருந்தப்ப அத்தான் வந்து யாருடா யாருடான்னு குதிச்சார். உன்னைக் கேக்கறதுக்குள்ள நான் சொல்லிட்டேன். எனக்கென்ன, வேற ரூம் பார்த்துட்டுப் போறேன்."

பாடகி எழுந்து போய் அவன் தலையில் ஒரு குட்டு வைத்தார். பிறகு அதே கையால் அந்த இடத்தைத் தேய்த்துவிட்டார்.

டாக்டரும் எழுந்தார். மச்சினன் முன்னால் வந்து நின்று, "மன்னிச்சுக்கடா மச்சான். விசாரிக்காம துரத்திட்டேன்," என்றார். வாசலில் இருந்த பையையும் போர்வையையும் தானே தூக்கிக்கொண்டு போய் அவன் அறைக்குள் வைத்துவிட்டு வந்தார். திரும்பி வந்தவர் ஸ்பீக்கரின் கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கிச் சுருட்ட ஆரம்பித்தார்.

"அதை எதுக்குப் பிடுங்கறீங்க?"

"உன்னைக் கேக்காம இனிமே எதையும் போட மாட்டேன். நீ போடுன்னா போடறேன்."

அத்தை கம்ப்யூட்டர் அறை வாசலில் நின்றார். "அந்த எழுத்தைத் திருப்பி வைக்க அரை நிமிஷம் ஆகாது. நான் வைக்கலாம். ஆனா ரூம் உங்களோடதும்மா. வைக்கறதும் விடறதும் உங்க இஷ்டம்."

இசையமைப்பாளர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மாப்பிள்ளை அவர் தோளை அழுத்தி உட்கார வைத்தார். வழக்கில் தன்னால் ஆன பெரிய உதவி அதுதான் என்று பின்னால் அவரே சொல்லிக்கொள்வதுண்டு.

பாடகி உள்ளே போய் உட்கார்ந்தார். மூன்று பெட்டிகள் மறுபடி வந்தன. மூன்றாவதைத் தொட்டு, எழுத்துகளின் வரிசையைத் திறந்து, பழைய எழுத்தையே கொடுத்தார். ஈ டிரைவ் எங்கேயும் போகாததுபோல வந்து நின்றது. உள்ளே பாட்டுகள் வரிசையாக இருந்தன.

"அப்பாடா!" என்றார் இசையமைப்பாளர். "முழுசா இருக்கறதை எல்லாம் கொடுங்க. அந்தக் கடைசிப் பாட்டை மட்டும் விட்டுடலாம்."

"அதை விட வேண்டாம். மீதியை இப்ப பாடறேன்."

இசையமைப்பாளர் டாக்டரைத் திரும்பிப் பார்த்தார்.

"குரல் ஒட்டாதேம்மா," என்றார் இசையமைப்பாளர் தயங்கி. "பாதியில வேற யாரோ பாடற மாதிரி இருக்கும்."

"ஒட்ட வேண்டாம். மாறின இடம் கேக்கறவங்களுக்கு நல்லாத் தெரியட்டும். அது இல்லாம மத்தது எதுவும் வெளியே போகாது."

இசையமைப்பாளர் வழுக்கையைத் தடவினார். அவர் விரல்கள் முழங்காலில் மெதுவாகத் தட்டத் தொடங்கின. "சுருதியை இறக்கணும்," என்றார் தனக்குள்ளேயே. "முதல் பாதி முடியற இடத்துல வாத்தியம் எல்லாத்தையும் நிறுத்திட்டு... ஒரு மூச்சு விட்டு... இறங்கின சுருதியில தனிக் குரலா ஆரம்பிச்சா..." அவர் நிமிர்ந்தார். இப்போது அவர் முகத்தில் தயக்கம் இல்லை. "எங்க, ஒரு வரி பாடுங்க பார்ப்போம்."

தம்பி மைக்கின் துணியை எடுத்து உதறிவிட்டுப் பதிவை ஓடவிட்டான். அத்தையும் மாப்பிள்ளையும் கிளம்பத்தான் எழுந்தார்கள்; ஆனால் கதவைச் சாத்தியாக வேண்டியிருந்தது, அவர்கள் உள்ளே மாட்டிக்கொண்டார்கள்.

பாடகி பாடினார். முதல் வரியில் குரல் ஒரு இடத்தில் இடறியது. இரண்டாவது வரியில் அந்த இடத்தைத் தெரிந்துகொண்டு தாண்டியது. ஈரமண்ணில் நடப்பது போன்ற குரல். ஒவ்வொரு சொல்லும் அழுந்திப் பதிந்து வந்தது. நாள் முழுக்க வாய் ஓயாத மாப்பிள்ளை மூச்சு விடும் சத்தம்கூடக் கேட்டுவிடுமோ என்று பயந்து நின்றார். டாக்டர் கம்பிச் சுருளை மார்போடு அணைத்தபடி மனைவியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பாட்டு முடிந்தது. இசையமைப்பாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தொழில் மறக்காமல், "இன்னொரு தடவை எடுத்துக்கலாமா? முதல் வரியில லேசா இடறுது," என்றார்.

பாடகி ஹெட்போனை மாட்டிக்கொண்டு, பதிவானதை ஆரம்பத்திலிருந்து கடைசிவரை பொறுமையாகக் கேட்டார்.

"வேண்டாம். சரியா வந்திருக்கு," என்று சொல்லிச் சேமித்தார்.